விளையாட்டில் சொன்ன பொய்



வைகுண்ட ஏகாதசி இரவில் திருவரங்கத்தில் உறங்காமல் விழித்திருப்போர் பலர். அவ்விரவைக் கழிக்க நம் நாட்டு மக்கள் தொன்றுதொட்டு ஆடிவரும் ஆட்டம் பரமபதம். சமய வேறுபாடின்றி நம் இல்லங்களிலும் பிள்ளைகள் அதை ஆடி மகிழ்ந்திருக்கின்றனர். ஏணியின் அடியில் ஒரு நற்பண்பு. பாம்பின் வாயருகே ஒரு தீக்குணம். நன்மை செய்தவன் உயர்வான், தீமை செய்தவன் வீழ்வான் என்னும் பாடத்தைச் சிறு பிள்ளைக்கும் விளங்கும்படி ஓர் அட்டையில் வரைந்து வைத்தார்கள் முன்னோர்.

ஆயினும் அந்த ஆட்டத்தில் ஒரு குறை உண்டு. ஆடுபவன் நற்பண்பைத் தேர்ந்துகொள்வதில்லை. தாயக்கட்டை உருளுகிறது, விழுந்த எண்ணுக்கேற்பக் காய் நகருகிறது. ஏணியில் ஏறியவனுக்கு அதில் பெருமையில்லை; பாம்பு விழுங்கியவனுக்கு அதில் குற்றமில்லை. அறத்தின் பயனைக் காட்டிய அந்த ஆட்டம், அறத்தைத் தேர்ந்துகொள்ளும் பொறுப்பை மட்டும் ஆடுபவனிடம் ஒப்படைக்கவில்லை.

இன்று நம் பிள்ளைகள் கணினித் திரையில் ஆடும் ஒருவகை ஆட்டமோ அப்பொறுப்பை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறது. பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டு என்று அதைக் கூறலாம். பிள்ளை ஒரு வீரனாகவோ வழிப்போக்கனாகவோ வேடம் பூணுகிறான். வழியில் ஒருவர் அவனோடு பேசுகிறார். உடனே திரையின் அடியில் மூன்று அல்லது நான்கு மறுமொழிகள் தோன்றுகின்றன. உண்மை சொல்லலாம், பொய் சொல்லலாம், அச்சுறுத்தலாம், பேசாமல் போய்விடலாம். எதைத் தொடுகிறானோ அதற்கேற்பக் கதை கிளைவிட்டுச் செல்கிறது. பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டம் வேறு, இது வேறு. 2022-இல் தமிழ்நாடும் 2025-இல் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றித் தடுக்க முற்பட்டது அச்சூதினையே. இரண்டையும் ஒன்றெனக் கருதி அஞ்சுவது பொருந்தாது.

துவாக்குடியை நம் மறைமாவட்டத்தார் நன்கு அறிவர். பாரத மிகுமின் நிறுவனத்தையும், அதனைச் சார்ந்து வாழும் சிறு தொழிற்கூடங்களையும், 1964-இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றி 2003-இல் தேசிய தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்த கல்வி நிலையத்தையும் அக்கம்பக்கத்தில் கொண்ட ஊர் அது. கணினி இல்லாத வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அவ்வூர்ப் பக்கத்து அன்பியக் கூட்டம் ஒன்றில், ஒரு தாய் தம் மகன் கேட்ட வினாவை எடுத்துரைத்தார். "அம்மா, விளையாட்டில் ஒரு பாட்டியிடம் பொய் சொல்லிப் பரிசு வாங்கிவிட்டேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா?" இதுதான் வினா. கூடியிருந்தோரில் சிலர் நகைத்தனர். அந்தத் தாய் நகைக்கவில்லை. நாமும் நகைத்துத் தள்ளிவிடாமல், அதற்கு விடை காண முயல்வோம்.

முதலில் அந்த ஆட்டம் எவ்வாறு அமைக்கப்படுகிறது என்பதை அறிந்துகொள்வது நலம். ஒவ்வோர் இடத்திலும் இரண்டே வழிகள் என்று வைத்துக்கொள்வோம். பத்து முறை தேர்ந்தால், 2, 4, 8 எனப் பெருகி 1,024 முடிவுகள் உண்டாகும். அத்தனைக்கும் கதை எழுதி, படம் வரைந்து, குரல் கொடுக்க எந்த நிறுவனத்தாலும் இயலாது. எனவே பிரிந்த கிளைகளைச் சற்றுத் தொலைவு சென்றதும் மீண்டும் ஒரே பாதையில் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் நீங்கள் செய்தது இன்னதென்று ஒரு சிறு குறிப்பைக் கணினி தன் நினைவில் பதித்துக்கொள்கிறது. பல மணி நேரம் கழிந்து, நீங்கள் மறந்துபோன பின்னர், அந்தக் குறிப்பு எழுந்து வந்து உங்களிடம் கணக்குக் கேட்கும். வெளிப்பார்வைக்குப் பாதை மாறவில்லை. உள்ளே பதிவு மட்டும் இருக்கிறது. மனச்சான்றைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் கேட்டவர்களுக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது.

இத்தகைய ஆட்டங்களுள் அறத்தையே பொருளாகக் கொண்டு முன்னோடியாக வந்தது 1985-இல் அமெரிக்கரான ரிச்சர்டு கேரியட் உருவாக்கிய 'அல்டிமா' வரிசையின் நான்காம் ஆட்டம். அதற்கு முன் வந்த ஆட்டங்களில் கடைகளில் திருடியும் ஊராரைக் கொன்றும் வெற்றி பெற முடிந்தது. நான்காம் ஆட்டத்தில் கொன்று ஒழிக்கவேண்டிய பெரும் பகைவன் எவனும் இல்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மீகம், தாழ்ச்சி ஆகிய எட்டுப் பண்புகளிலும் தேர்ச்சி பெறுவதே வெற்றி. அந்நிலையை எய்தியவனுக்கு 'அவதாரம்' என்னும் நம் நாட்டுச் சொல்லையே பெயராகச் சூட்டினார் கேரியட்.

அந்த ஆட்டத்தில் மூலிகை விற்கும் பெண்கள் வருகிறார்கள். அவர்களுக்குக் கண் தெரியாது. மூலிகையைப் பெற்றுக்கொண்டு, எத்தனை காசு கொடுக்கிறோம் என்பதை ஆடுபவனே சொல்லவேண்டும். முழு விலையையும் கொடுக்கலாம். ஒரே காசைக் கொடுத்துவிட்டும் நடக்கலாம். அந்தப் பெண் தடுப்பதில்லை. காவலர் ஓடி வருவதில்லை. திரையில் எச்சரிக்கையும் எழுவதில்லை. ஆனால் நேர்மையின் கணக்கில் அமைதியாகக் குறைவு விழுந்துவிடுகிறது. பின்னொரு நாள் தேர்ச்சி நாடிச் செல்லும்போதுதான் ஆடுபவனுக்குத் தன் நிலை விளங்கும். 'ஒருவரும் பார்க்கவில்லை' என்னும் எண்ணம் எத்தனை பொய்யானது என்பதை நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு கணினி ஆட்டம் இவ்வாறு உணர்த்திற்று!

இன்னொரு சிறப்பும் அதில் உண்டு. ஆட்டத்தின் தொடக்கத்தில் குறி சொல்பவள் ஒருத்தி ஏழு வினாக்களை எழுப்புகிறாள். அவை நன்மையா தீமையா என்று கேட்கும் எளிய வினாக்கள் அல்ல. ஒரு நன்மையை இன்னொரு நன்மைக்கு எதிராக நிறுத்துபவை. சான்றாக, எண்ணப்படாத பொற்காசுகள் கொண்ட பை ஒன்றை ஒருவரிடம் சேர்க்கும்படி உங்களை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள். வழியில் ஓர் ஏழை கையேந்துகிறான். ஒரு காசு எடுத்தால் எவருக்கும் தெரியாது. பையை அப்படியே கொண்டு சேர்ப்பீர்களா, ஏழைக்கு ஒரு காசு ஈவீர்களா? நேர்மையா, இரக்கமா?

விக்கிரமாதித்தனின் தோளில் தொங்கிய வேதாளம் கேட்ட வினாக்களும் இத்தகையவையே அல்லவா? கதையைச் சொல்லி முடித்து, இவருள் உயர்ந்தவர் யார் என்று கேட்கும் வேதாளத்திடம், விடை தெரிந்தும் மன்னன் வாய்மூடி இருக்க இயலாது. பொய்யைப் பற்றிய வினாவிலோ பெரியோரிடையேகூட ஒருமித்த விடை இல்லை. குற்றமில்லாத நலன் பயக்குமானால் பொய்க்கும் இடமுண்டு என்பது வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் தரும் இசைவு. எந்த நலனுக்காகவும் பொய் கூடாது என்பது புனித அகுஸ்தீனாரின் உறுதி. பதினான்கு வயதுப் பிள்ளை இவ்வினாவின் எதிரே நின்று ஒரு கணம் தயங்குகிறான் என்றால், அந்தத் தயக்கம் விலைமதிப்புள்ளது.

ஆனால் எல்லா ஆட்டங்களும் இவ்வாறு தயங்க வைப்பதில்லை. கனடா நாட்டு நிறுவனம் ஒன்று 2007-இல் வெளியிட்ட 'மாஸ் எபெக்ட்' என்னும் புகழ்பெற்ற ஆட்டத்தில், பண்பான மறுமொழி மேலே ஓரிடத்திலும் முரட்டு மறுமொழி கீழே ஓரிடத்திலும் எப்போதும் நிற்கும். தொட்டவுடன் அதற்குரிய புள்ளிகள் சேரும். ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் நல்வழியையே நாடினர் என்று அதை உருவாக்கியவர்களுள் ஒருவர் 2020-இல் தெரிவித்தார். தண்டனைக்கு அஞ்சவேண்டாத இடத்திலும் பெரும்பாலோர் நல்லவராகவே இருக்க விரும்பினர் என்பது மனித இதயத்தைப் பற்றிய மகிழ்ச்சியான செய்தியே. எனினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். புள்ளி கிடைக்கும் என்று அறிந்து செய்யும் நன்மை, விளம்பரம் செய்துவிட்டுக் கொடுக்கும் தருமம் போன்றது. இடக்கை அறியாமல் வலக்கை ஈயவேண்டும் என்று நம் ஆண்டவர் கற்பித்ததை இங்கே நினைவுகூரலாம்.

இதற்கு மாறானது போலந்து நாட்டின் வார்சா நகரில் உருவாகி 2014-இல் வெளிவந்த ஆட்டம் ஒன்று. 'என்னுடைய இந்தப் போர்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். 1992-இல் தொடங்கிய சரயேவோ நகர முற்றுகையை மனத்தில் கொண்டு அமைந்தது. இங்கே ஆடுபவன் படைவீரன் அல்லன். முற்றுகைக்குள் சிக்கிப் பசியால் வாடும் எளிய குடிமக்களைக் காப்பவன். ஓர் இல்லத்தில் முதிய தம்பதியர் இருக்கின்றனர். அவர்களிடம் உணவும் மருந்தும் உண்டு. தடுக்கும் வலிமை அவர்களுக்கு இல்லை. எடுத்து வரலாம். புள்ளி குறையாது. ஆனால் எடுத்து வந்தவன் மறுநாள் துயரத்தில் ஆழ்ந்துவிடுகிறான், வேலை ஓடுவதில்லை. திருடிய உணவைத் தின்று உயிர் பிழைத்த ஒருவனின் மனவேதனையை அந்த ஆட்டம் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. போலந்து அரசு 2020-இல் அதைப் பள்ளி மாணவர்க்குப் பரிந்துரைக்கும் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது.

இனி அந்தச் சிறுவனின் வினாவுக்கு வருவோம். விளையாட்டில் சொன்ன பொய் பாவமா?

பொய் என்பது ஏமாறுவதற்கு ஒருவர் இருந்தால்தான் பொய். திரையில் தோன்றும் பாட்டி படமும் எழுத்தும் மட்டுமே. அங்கே ஏமாந்தவர் எவருமில்லை. தவக்காலத்தில் நம் ஊர்களில் நடக்கும் பாஸ்கா நாடகத்தில் யூதாசாக நடிப்பவர் முப்பது காசுக்கு ஆண்டவரைக் காட்டிக்கொடுக்கிறார். அவரை நாம் பாவியென்று கருதுவதில்லை. நன்றாக நடித்தார் என்று பாராட்டி அனுப்புகிறோம். ஆகவே மகனே, நீ பாவம் செய்யவில்லை. அமைதியாக இரு. இதுவே முதல் விடை.

ஆனால் விடை அத்துடன் முடிந்துவிடவில்லை. யூதாசாக நடிப்பவர் எழுதிக்கொடுத்த வசனத்தைப் பேசுகிறார். கணினி ஆட்டத்திலோ வசனத்தைத் தேர்பவன் ஆடுபவனே. உண்மையும் எதிரே இருந்தது. பொய்யும் எதிரே இருந்தது. அவன் கை பொய்யை நாடிற்று. ஏன்? அந்த 'ஏன்' என்பதைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

துவாக்குடிப் பெற்றோருக்கு இதை விளக்குவது எளிது. அவர்களுள் பலர் வெல்டிங் தொழில் அறிந்தவர்கள். 1975-இல் திருச்சியில் வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் தோன்றிய பகுதி அது. தொழில் பழக வரும் இளைஞனிடம் முதல் நாளே பாய்லர் குழாயைக் கொடுத்துவிடுவதில்லை. பயிற்சிக்கென ஒதுக்கிய இரும்புத் துண்டுகளைக் கொடுக்கிறார்கள். அந்தத் துண்டில் பிளவு விட்டால் பாய்லர் வெடிக்கப்போவதில்லை, எவரும் சாகப்போவதில்லை. குற்றமென்று அவனைத் தண்டிப்பவர் இல்லை. ஆயினும் கற்பிப்பவர் அத்துண்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கிறார். எங்கே கை நடுங்கிற்று, எங்கே அவசரப்பட்டான் என்று காட்டுகிறார். ஏனெனில் கை பழகுவது அங்கேதான். நாளை உண்மையான குழாயைப் பற்றவைக்கப் போவதும் அதே கைதான். அன்று மேற்பூச்சு எத்தனை வழவழப்பாக இருந்தாலும், எக்ஸ்ரே படம் உள்ளே இருக்கும் பிளவைக் காட்டிவிடும்; இணைப்பின் அருகே குத்தியிருக்கும் எண், பற்றவைத்தவர் யார் என்பதையும் சொல்லிவிடும்.

கணினி ஆட்டம் மனச்சான்றுக்குக் கிடைத்த பயிற்சித் துண்டு. அதில் விட்ட பிழை பாவமன்று. ஆனால் யாரும் எடுத்துப் பார்க்காத பயிற்சித் துண்டினால் பயனில்லை.

பயிற்சித் துண்டுக்கும் உண்மை வாழ்வுக்கும் உள்ள பெரிய வேறுபாட்டையும் பிள்ளைகளுக்கு உணர்த்தவேண்டும். ஆட்டத்தில் தவறு செய்தால் பழைய இடத்திற்குத் திரும்பிச் சென்று மீண்டும் தொடங்கலாம். வாழ்வில் அது இயலாது. இதையும் ஓர் ஆட்டமே நயமாகக் காட்டியிருக்கிறது. டோபி பாக்ஸ் என்பவர் 2015-இல் வெளியிட்ட 'அண்டர்டேல்' ஆட்டத்தில், எதிர்ப்படும் எவரையும் கொல்லாமலே முடிவுவரை செல்லமுடியும். தொடக்கத்தில் தாயைப்போல் அன்புகாட்டி உணவளிக்கும் ஒருத்தி வழிமறிக்கிறாள். அவளைக் கொன்றுவிட்டு, மனம் வருந்தி, பழைய இடத்திலிருந்து மீண்டும் தொடங்கி, இம்முறை அவளை உயிரோடு விட்டாலும், அங்கே பேசும் மலர் ஒன்று விடுவதில்லை. முன்பு நீ செய்தது எனக்குத் தெரியும் என்று எள்ளி நகையாடுகிறது. அழித்த செயலும் எங்கோ எழுதப்பட்டிருக்கிறது! மன்னிப்பு வேறு, அழித்து எழுதுதல் வேறு என்பதைப் பிள்ளைக்கு விளக்க இதனினும் நல்ல தொடக்கம் வேண்டுமா?

இரு வழி பிரியும் இடத்தில் நின்றவர் கதை நம் திருச்சபையிலும் உண்டு. 1522-ஆம் ஆண்டு, மனமாற்றம் பெற்ற புதிதில், லொயோலா இஞ்ஞாசியார் கோவேறு கழுதையில் ஏறிப் பயணம் செய்தார். வழியில் சந்தித்த மூர் இனத்தவர் ஒருவர் தேவதாயின் கன்னிமையைக் குறித்து மறுத்துப் பேசிவிட்டு முன்னே சென்றுவிட்டார். சினமுற்ற இஞ்ஞாசியாருக்கு அவரைத் தொடர்ந்து சென்று குத்திவிடலாமா என்ற எண்ணம். முடிவெடுக்க இயலவில்லை. பாதை பிரியும் இடத்தில் கடிவாளத்தைத் தளர்த்தி, கழுதை போகும் வழியே போவது என்று விட்டுவிட்டார். நல்லவேளையாகக் கழுதை மற்ற வழியில் சென்றது. ஓர் உயிர் தப்பிற்று. இது தாயக்கட்டையை உருட்டிய கதை. பிற்காலத்தில் அதே இஞ்ஞாசியார், எண்ணங்களை ஆராய்ந்து தெளிந்து தேரும் முறையை வகுத்துத் தம் ஞானப் பயிற்சிகளில் எழுதினார். 1548-இல் அந்நூல் அச்சேறியது. அன்றன்று ஆன்மசோதனை செய்யும் வழக்கத்தை வற்புறுத்தினார். கழுதையிடம் விட்ட முடிவைத் தம் மனச்சான்றிடம் மீட்டுக்கொள்ளும் வழியை அவர் கற்றுக்கொண்டார். பிள்ளைகளும் கற்றுக்கொள்வர், கற்பிக்க ஒருவர் அருகே இருந்தால்.

ஆகவே பெற்றோரே, நீங்கள் செய்யத்தக்கவை என்ன?

முதலாவது, ஆட்டத்தின் அட்டையிலோ விற்பனைப் பக்கத்திலோ அச்சிட்டிருக்கும் வயது வரம்பைப் பாருங்கள். பெரியவர்களுக்கென்றே ஆனவை பல உண்டு. பதினெட்டு என்று போட்டிருப்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தருவது அன்பு ஆகாது.

இரண்டாவது, நேரத்திற்கு எல்லை வகுங்கள். விளையாட்டு தேவையானதே என்று புனித தோமஸ் அக்குவினாஸ் எழுதியிருக்கிறார். எப்போதும் வளைத்தே வைத்த வில் முறிந்துவிடும் என்று புனித அருளப்பர் உணர்த்தியதாக வரும் பழங்கதையை அவர் எடுத்துக்காட்டுகிறார். ஆனால் அளவு மீறுவது குற்றம் என்றும் அவரே கூறுகிறார். நள்ளிரவு கடந்து ஆடும் ஆட்டம் இளைப்பாறுதல் அன்று.

மூன்றாவது, இதுவே தலையாயது: எத்தனை மணி நேரம் ஆடினாய் என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். "அந்தக் கண் தெரியாத அம்மாவுக்கு எத்தனை காசு கொடுத்தாய் தம்பி?" என்று கேளுங்கள். "ஏன் அப்படிச் செய்தாய்? உன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். விடை எதுவாயினும் பதறாதீர்கள். கதை எப்படிப் போகிறது என்று பார்க்கவே தீயவழியில் சென்றேன் என்று சொல்லும் பிள்ளை கெட்டுப்போனவன் அல்லன். அவனோடு பேச்சு நீளட்டும்.

இப்பேச்சின் அருமையை உணர்த்தும் தமிழ் ஆட்டமொன்றும் வந்திருக்கிறது. கனடாவின் டொரண்டோ நகரில் ஒரு சிறு குழுவினர் உருவாக்கி 2023-இல் வெளியிட்ட 'வெண்பா'. 1988-இல் தமிழகத்திலிருந்து அந்நாட்டில் குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதியரின் கதை. தன் தாய் தந்த பழைய சமையற்குறிப்பு ஏடு சிதைந்து போயிருக்க, விடுபட்டவற்றை ஊகித்து வெண்பா இட்லி முதலியவற்றைச் சமைக்கிறாள். ஆடுபவர் அவளோடு சேர்ந்து சமைக்கிறார். இடையிடையே பேசும் சொற்களையும் தேர்கிறார். மகன் கவின் தன்னைக் கெவின் என்று அழைப்பதையே விரும்புகிறான். தாய்மொழியிலிருந்து விலகி வளர்கிறான். எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் கதையின் பெரும்போக்கு மாறுவதில்லை. பிரிட்டனின் பாப்தா விருதை 2024-இல் அறிமுகப் படைப்புக்கெனப் பெற்ற அந்த ஆட்டத்தில் வெல்வதற்கு அரக்கன் இல்லை. மேசையின் இருபுறமும் அமர்ந்த தாயும் மகனும்தாம் இருக்கிறார்கள்.

நம் இல்லத்து உணவு மேசையும் அத்தகையதே. பிள்ளை ஒரு சொல் சொல்கிறான். நம் எதிரேயும் மூன்று மறுமொழிகள் இருக்கின்றன: கடிந்துகொள்ளலாம், காதில் விழாததுபோல் எழுந்து போகலாம், 'சொல், கேட்கிறேன்' என்று அமரலாம். நாம் எதைத் தேர்ந்தோம் என்பது அவன் நினைவில் குறிக்கப்படுகிறது. பல ஆண்டுகள் கழித்து, உண்மையான துன்பமொன்றில், யாரிடம் போய்ச் சொல்வது என்று அவன் திகைத்து நிற்கும் நாளில், அந்தக் குறிப்பு எழுந்து அவனுக்கு வழிகாட்டும்.

பொய்யைப் பற்றித் தன் தாயிடம் வந்து கேட்ட அந்தச் சிறுவனுக்கு அவ்வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. அதை அடைத்துவிடாமல் காப்பது பெற்றோர் கடமை.